வேப்பிலை கட்டிய வாசல்

விழுப்புரம்
23-6-2024

அக்காவுக்கு,

இனிமேல் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேற்றும் முந்தாநாளும் நீங்கள் கூப்பிட்டபோது கட் செய்தது நான்தான். கோபத்தில் இல்லை. ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டாலே இளவரசி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். போன ஞாயிறு நீங்கள் பேசி முடித்த பிறகு மறுநாள் மதியம்வரை ஒரு வாய்ச் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

இங்கே நான்காம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. பெயர் கூப்பிட்டால் கை தூக்குகிறாள், வாய் திறப்பதில்லை என்று டீச்சர் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். எட்டு வருடம் உங்கள் வீட்டில் உங்களை அம்மா என்றும் என்னைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள். இப்பொழுது என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்கிறாள்.

நாங்கள் அவளை அழைத்துவர வந்த அன்று அவள் எதிரிலேயே நீங்கள் சொன்ன வார்த்தையை நான் இதில் எழுத மாட்டேன். பெற்றவள் நான்தான் என்று அவள் தெரிந்துகொள்ள வேறு வழியே கிடைக்கவில்லையா?

ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள்.

புனிதா


திண்டிவனம்
4-7-2024

புனிதாவுக்கு,

'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். என்னை 'ஏ வேணி' என்று கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவள் நீ. உன் மாமா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தாலுகா ஆபீஸ்ல இருந்து வந்தாப்புல கீது" என்றார்.

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பை முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் பிளவுஸ் அளவுகள்தான்.

மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. ஐந்து மாதக் குழந்தையாக வந்தவள். பல் முளைத்ததும், முதலில் நடந்ததும், காதுவலி வந்து என் தோளில் படுத்தே ஒரு மழைக்காலத்தைக் கழித்ததும் இந்த வீட்டில். ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் என்று நீயும் ஆனந்தராஜும் ஒரு பையோடு வந்து நின்றால், நான் தலை வாரிப் பூ வைத்து அனுப்ப வேண்டுமா?

சரி. இதைத் தெரிந்துகொள். தலைக்குக் குளித்த அன்று காதில் பஞ்சு வை. சோறு இறங்கவில்லை என்றால் மல்லாட்டையை ஓடு உடைத்து வறுத்துத் துவையல் அரைத்து, தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடு. ஒயர்கூடையின் முடிச்சுகளை எண்ணிக்கொண்டேதான் தூங்குவாள். அவளாகவே பின்ன ஆரம்பித்த பச்சைக் கூடை பாதியில் நிற்கிறது. மீதி ஒயரோடு இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன்.

கொல்லையில் ஒரு மழை பெய்தது. பீர்க்கன் விதையை ஊறவைத்து ஊன்றிவிட்டேன். அவள் கேட்டால் சொல். கேட்காவிட்டால் விட்டுவிடு.

வேணி


விழுப்புரம்
21-7-2024

அக்கா,

இந்தத் தாளின் பின்பக்கம் யாருடைய பட்டாவோ இருக்கும். நான் வேலைக்குப் போகும் கடையில் ஜெராக்ஸ் சரியாக விழாத தாள்களை முதலாளி என்னிடம் கொடுத்துவிடுகிறார். இளவரசி அவற்றில் படம் வரைகிறாள். எல்லாம் வீடுகள். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை.

உன் கடிதத்தின் கடைசி நாலு வரியை மட்டும் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். ரொம்ப நேரம் கழித்து அடியிலிருந்து குரல் வந்தது. "கயிறு கட்டியாச்சானு கேளு."

"யாரைக் கேக்கணும்?" என்றேன்.

"அவங்கள."

உன்னையும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருக்கிறாள், அக்கா. அது தெரிந்ததும் எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் எங்கேயோ போய்விட்டது. முழுக்கப் போகவில்லை.

துவையல் அரைத்தேன். சாப்பிட்டாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் ஒயரைத் தொடவில்லை.

எனக்கு எழுத வேண்டியதைத் தனித் தாளில் எழுது. அவளுக்கு வாசிக்க, வீட்டைப் பற்றி எழுது. என்ன முளைத்தது, என்ன தைக்கிறாய், அது போதும்.

புனிதா


திண்டிவனம்
18-8-2024

இளவரசிக்கு வாசித்துக் காட்ட:

கயிறு கட்டியாகிவிட்டது. ஆனால் கயிறு இல்லை. கூடை பின்னி மிஞ்சிய ஒயர்த் துண்டுகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கி, முருங்கை மரத்திலிருந்து குளியலறைச் சுவர்வரை இழுத்துக் கட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. "கல்யாண மண்டபம் மாதிரி கீது, கொடி வெக்கப்பட்டுக்கினு கீயேவே நின்னுடப் போவுது" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அவர் யார் என்று உனக்குத் தெரியும். கொடி நிற்கவில்லை. சிவப்பில் ஏறி, மஞ்சளைச் சுற்றி, நீலத்தை மட்டும் தொடாமல் தாண்டி வெள்ளைக்குப் போய்விட்டது. நீலத்தின்மேல் அதற்கு என்ன கோபமோ.

ஆடிப் பெருக்கு அன்று காலையில் தூறல். மண்ணை அள்ளினால் புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது. அவரை விதையும் புடலை விதையும் ஊன்றினேன். ஐந்தாம் நாள் அவரை முளை தலை குனிந்தபடி வெளியே வந்தது, மழையில் நனைந்துவிடாமல் இருக்க முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஓடுவார்களே, அப்படி.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவு வழியாக வெயில் உள்ளே வருகிறது. விட்டத்தில் மாட்டியிருக்கும் கூடைகளின் நிழல் தரையில் வலை வலையாக விழுகிறது. அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்து தைக்கிறேன். நிழல் நகர நகர நானும் நகர்கிறேன். நேற்று ஒரு தும்பி வந்து தையல் மிஷின் சக்கரத்தில் உட்கார்ந்தது. அது போகும்வரை மிதிக்காமல் இருந்தேன். அப்படியே கண் சொக்கிவிட்டது. விழித்தபோது வெயில் என் மடியைத் தாண்டிச் சுவரில் இருந்தது, தும்பி இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பழைய துணியில் ஒரு போர்வை சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தினம் நாலு துண்டு. நீ அரிசி மூட்டைமேல் ஏறிக் கிழித்துக்கொண்ட ஊதாப் பாவாடை நேற்று சேர்ந்தது. கிழிந்த இடத்தை மறைக்காமல் தைத்திருக்கிறேன்.

(புனிதா, உனக்குத் தனித் தாள் வைக்கவில்லை. எழுதினேன், கிழித்துவிட்டேன்.)


விழுப்புரம்
15-9-2024

அக்கா,

நீ எழுதியதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை கட்டிலுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் குவார்ட்டர்ஸ் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொஞ்சம் இடம் கொத்தித் தரச் சொல்லிக் கேட்டாள். அவர் டியூட்டி முடிந்து வந்து கொத்திக் கொடுத்தார். வெண்டை போட்டிருக்கிறோம். சரளைக் கல்தான் அதிகம். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு வரப்பே கட்டிவிட்டாள். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் வாங்கி அவளே ஒன்று பிடித்தாள். தும்பிக்கை விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஒயர்த் துண்டை உள்ளே வைத்துப் பிடித்துவிட்டாள். இது நீ சொல்லிக் கொடுத்த வேலையாகத்தான் இருக்கும்.

இப்பொழுது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "அன்னிக்கு அவங்க கெணத்த பத்தி சொன்னாங்களே, இன்னா அது?"

'கெணத்துல போடப் பாத்தவளுக்குப் புள்ள எதுக்கு?' அதுதானே அக்கா நீ சொன்னது? என் வீட்டுக்காரருக்கே அதுவரை தெரியாது. பஸ்ஸில் வரும்போது என் முகத்தைப் பார்க்காமலே வந்தார். வீட்டுக்கு வந்து நான் எல்லாம் சொன்ன பிறகு, "இத்தினி வருசம் தனியாவா வெச்சிக்கினு இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

நான் இவளிடம் மறைக்கவில்லை. "நீ பொறந்தப்போ எனக்கு ஒடம்பு சரியில்ல. மனசுக்கு வர்ற ஜுரம் மாதிரி. தூக்கம் கெடையாது, எதப் பாத்தாலும் பயம். அப்போ நாங்க இருந்த கண்டாச்சிபுரத்து வீட்டுல ஒரு நாள் மத்தியானம் உன்னத் தூக்கிக்கினு கெணத்தாண்ட நின்னுட்டேன். எப்படிப் போனேன்னு எனக்கே தெரியல. பயந்துபோயி ஓடியாந்து அக்காவப் போன்ல கூப்ட்டேன். இவள என் கையில வெக்காத, நீ எடுத்துக்கினு போன்னேன். அடுத்த பஸ்ஸுல வந்து உன்ன வாங்கிக்கினாங்க" என்றேன்.

"கெணத்துல தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஆழமா?"

"ஆழந்தான்."

"செரி" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். நான்தான் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நீ வந்தது எனக்கு மறக்காது. முந்தானையால் அவளை மூடி எடுத்துப் போனாய். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படிப்பட்ட நீயா அந்த வார்த்தையைச் சொன்னாய் என்றுதான் எனக்கு ஆறவில்லை.

புனிதா


திண்டிவனம்
6-10-2024

புனிதா,

சொல்லியிருக்கக் கூடாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எட்டு வருடம் பத்திரமாக வைத்திருந்துவிட்டு, உன்னைக் குத்த வேண்டும் என்றே வெளியே எடுத்தேன். அவள் கை என் கையை விட்டுப் போவதைப் பார்த்ததும் கையில் கிடைத்ததை எறிந்தேன். என்னை மன்னித்துவிடு. ஜூலையில் இதை எழுத மாட்டேன் என்று சொன்னவளும் நான்தான்.

இதோடு நிறுத்தினால் எனக்கு நல்லது. ஆனால் நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். என்னுடையது ஒன்று இருக்கிறது.

விழுப்புரத்து டாக்டரிடம் காட்டி, மாத்திரையும் நின்று, தேறி, அவளுக்கு இரண்டு வயது ஆகும்போது நீ கூட்டிப்போக வந்தாய். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, தண்ணி ஊற்றும்வரை உள்ளே வராதே என்று ஜன்னலில் நின்று சொன்னேன். நீ வாங்கி வந்த கவுனைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனாய்.

அம்மை இல்லை, புனிதா. அவள் உள்ளே உட்கார்ந்து பூந்தி தின்றுகொண்டிருந்தாள். நீ வருகிறாய் என்று முந்தின நாள் தெரிந்ததும் அந்த வேப்பிலையை ஒடித்து வந்து கட்டியது நான். உன் மாமா, "வேணாம் வேணி, இதுல போயி வெளையாடாத" என்று சொன்னார். நான் கேட்கவில்லை. அதன் பிறகு நீ கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அழைத்துப்போக வந்துவிடுவாயோ என்று பயம்.

இரண்டு நாளாக விடாத மழை. பீர்க்கன் காய்த்து ஓய்ந்துவிட்டது. ஒன்றை முற்றவிட்டு நாருக்கு வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அவளுக்குப் பச்சைப் பாவாடையும் மாம்பழ நிறச் சட்டையும் வெட்டியிருக்கிறேன். இடுப்பு அளவு மட்டும் தெரியவில்லை. நாலு மாதத்தில் வளர்ந்திருப்பாளே. நாடா வைத்துத் தைத்து அனுப்புகிறேன். இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

வேணி


விழுப்புரம்
3-11-2024

அக்கா,

பாவாடை சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு நான் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. உங்கள் தெருவிலேயே நின்று, அந்த இலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். தாயே, அவளுக்குத் தழும்பில்லாமல் இறங்கட்டும், நல்லபடியாகத் தேறட்டும், அவள் அக்காவிடமே இருக்கட்டும், நான் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். ஆறு வருடம் அந்த வேண்டுதலைக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை. போன வருடம் கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான், ஆனது ஆகட்டும் என்று வேண்டுதலை மீறி ஜூனில் வந்தேன். அவளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று அன்றிலிருந்து தினமும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

நீ ஒடித்த வேப்பிலைக்கா நான் இவ்வளவும் கொடுத்தேன்?

கொஞ்ச நாள் எழுதாதே.

புனிதா


விழுப்புரம்
4-12-2024

அக்கா,

அவரோடு வேலை செய்யும் விருத்தாசலம் அண்ணன் லைன் பார்க்கத் திண்டிவனம் பக்கம் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான்கு நாளாக உன் போனும் போகவில்லை, மாமா போனும் போகவில்லை. எப்படி இருக்கிறீர்கள்? ஒரு வரி எழுதி அவரிடமே கொடு.

புயல் மழையில் இங்கே முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர் ஞாயிறு காலையிலிருந்தே தண்டவாளத்தில். நான் அரிசியையும் துணிகளையும் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். இளவரசி கட்டில்மேல் நின்று அந்தப் பச்சைக் கூடையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்துத் தகரக் கதவு பிய்த்துக்கொண்டு விழுந்தது. "அம்மா!" என்று அலறினாள்.

உன்னைக் கூப்பிட்டாளா, என்னைக் கூப்பிட்டாளா, எனக்குத் தெரியவில்லை, அக்கா. நான் போய்த் தூக்கிக்கொண்டேன். ஒன்பது வயசுப் பிள்ளை, கனக்கிறாள். தண்ணீர் இறங்கும்வரை இறக்கிவிடவில்லை. என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "திண்டிவனத்துல ஒயர் பிஞ்சிருக்குமா? மிஷின் நனைஞ்சிருக்குமா? அவங்களுக்கு நீச்சல் தெரியாதே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கோபமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உயிரோடு இருக்கிறோம் என்று எழுது.

புனிதா


திண்டிவனம்
5-12-2024

புனிதா,

உயிரோடு இருக்கிறோம். இதை முதலில் அவளிடம் சொல்லிவிட்டு மீதியைப் படி.

கொல்லை போய்விட்டது. முருங்கை வேரோடு சாய்ந்தது. பின்பக்கத்து ஷீட் இரண்டு பறந்துபோய் எதிர் வீட்டுக் கிணற்றுமேடையில் கிடந்தன. மிஷினை மேஜைமேல் ஏற்றியும் மோட்டார் நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்த அன்று காலையில் வெயில் வந்தது. அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததே இல்லை, பால் மாதிரி. கொல்லை முழுக்கக் கண்ணாடியாக நின்றது. அதில் வானம், அதில் கொக்கு, அதற்கடியில் என் அவரைப் பந்தல். எங்கிருந்தோ வந்த சின்ன மீன்கள் பந்தலுக்குள் போய்ப் போய் வந்தன. உன் மாமா அதில் நின்றுகொண்டு, "பேஜாரு உட்டுத் தள்ளு, மீன் வளக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஏதோ கனவில் யாருடைய வீட்டையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

போர்வை தப்பித்தது. பரணில் இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில். உன்னைத்தான் கூப்பிட்டாள். ஆபத்தில் பிள்ளை அறுபது மைலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளையா கூப்பிடும்? பக்கத்தில் இருந்து தூக்குகிறவளைத்தான் கூப்பிடும். இங்கே என் பக்கத்தில் இருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். இதில் சந்தேகப்படாதே.

விருத்தாசலம் அண்ணன் டீயைக் குடித்துவிட்டுக் காத்திருக்கிறார். ஜல்தி ஜல்தி என்கிறார்.

வேணி


விழுப்புரம்
22-12-2024

அக்கா,

முப்பத்தெட்டு கிலோமீட்டர்தான். அறுபது மைல் என்று எழுதியிருந்தாய். இளவரசி கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னாள்.

கார்த்திகைக்கு இருபது அகல் வாங்கி, அவற்றுக்கு வெளியே சுண்ணாம்பால் புள்ளி வைத்தாள். காயக் காய ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள். குவார்ட்டர்ஸில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். வரிசையாக ஏற்றிவிட்டு அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். காற்றே இல்லை. அவள் முகம் உன் முகமாகவும் என் முகமாகவும் மாறி மாறித் தெரிந்தது. எண்ணெய் தீர்ந்து ஒவ்வொன்றாக அணையும்போது, "அங்க இந்நேரம் எத்தினி அணைஞ்சிருக்கும்?" என்றாள்.

அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இவள் உடம்பு இங்கே இருக்கிறது. பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள், அவரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள், "அப்பா, வெண்டக்காய் பறிச்சாச்சா" என்கிறாள். ஆனால் பாதி அங்கே இருக்கிறது. அந்த வேப்பிலை பொய்யாக இருக்கட்டும், என் வேண்டுதல் பொய் இல்லையே. பொங்கலுக்கு அழைத்து வருகிறேன். அவள் உன்னோடு இருந்துவிடட்டும். ஆளுக்குப் பாதியாக நாம் அவளை வைத்திருப்பதைவிட முழுசாக ஒருவரிடம் இருக்கட்டும். அவர் சம்மதிக்கவில்லை. நான் பேசிக்கொள்கிறேன்.

இப்பொழுதெல்லாம் போன் மணி அடித்தால் அவள் ஓடி ஒளிவதில்லை. கூப்பிடு.

புனிதா


திண்டிவனம்
29-12-2024

புனிதா,

கூப்பிட நினைத்தேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், விஷயம் நடுவில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. அவள் துணி வைத்திருந்த அலமாரியைத் துடைத்தேன். கடைக்குப் போய் மஞ்சள் ஒயர் இரண்டு கட்டு வாங்கி வந்தேன். சாயங்காலம் உன் மாமா வந்தார். அலமாரியைப் பார்த்தார். "மறுபடியும் வேப்பெல கட்டப் போறியா?" என்றார். அவர் சத்தமாகப் பேசவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. நீ கொடுக்கிறாய் என்பதற்காக நான் வாங்கிக்கொண்டால், அன்று ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள் இன்றும் அங்கேயேதான் நிற்கிறாள். அப்பா என்று கூப்பிட ஆரம்பித்த பிள்ளையை இன்னொரு தடவை பிடுங்கி நட வேண்டாம். வேண்டுதலைப் பற்றிக் கவலைப்படாதே. வேப்பிலை கட்டியவள் நான். ஏதாவது வருவதானால் எனக்கு வரட்டும்.

போகிக்கு வா. மூன்று பேரும் வாருங்கள். ஐந்து நாள் இருந்துவிட்டு மூன்று பேரும் திரும்பிப் போங்கள்.

அக்கா


திண்டிவனம்
18-1-2025

புனிதா,

நீங்கள் கிளம்பி மூன்று மணி நேரம்தான் ஆகிறது. விழுப்புரம் சேர்ந்திருப்பீர்கள். நீ பஸ்ஸுக்குள் இருந்ததால் உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

முதல் நாள் வந்ததும் கேட்டைத் திறந்துகொண்டு நின்று, "செருப்ப எங்க உடறது?" என்று கேட்டாளே, நான் உள்ளே போய் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். இங்கே பிறந்த வீடு மாதிரி ஓடித் திரிந்தவள். அப்புறம் நீ துலக்கிக் கொடுத்த பொங்கல் பானையைச் சுற்றி மஞ்சள்கொத்துக் கட்ட அவள் வந்து உட்கார்ந்ததும், என் முழங்கையில் அவள் முழங்கை பட வேலை செய்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பால் பொங்கும்போது நம் இரண்டு பேர் முந்தானையையும் ஒவ்வொரு கையில் பிடித்துக்கொண்டு கத்தினாள். நீ கவனித்தாயா?

காணும் பொங்கல் அன்று நீங்கள் தூங்கிய மத்தியானத்தில் அவளிடம் வேப்பிலையைப் பற்றிச் சொன்னேன். நீ கிணற்றைப் பற்றிச் சொல்லியிருக்கும்போது நான் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாய்ந்த முருங்கையிலிருந்து வெட்டி நட்ட போத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முழுக்கக் கேட்டாள்.

"அப்போ நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?"

"பூந்தி தின்னுக்கினு இருந்த."

"அவங்க வெளியவே நின்னுட்டுப் போய்ட்டாங்களா?"

"ஆமா."

"வெயில்லயா?"

"வெயில்லதான்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில், ஒரு கையை உன்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. போர்வையைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள், ஊதாத் துண்டு எங்கே என்று தேடினாள், அவ்வளவுதான்.

இன்று பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். நீயும் ஆனந்தராஜும் இடம் பிடிக்க முன்னால் ஏறிப் போனீர்கள். உன் மாமா ஜன்னல் வழியாகப் பைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி, கரும்புக்கட்டு வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் நின்றேன். இவள் போகும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. பஸ் ஹாரன் அடித்தது.

"பெரியம்மா!"

யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். எத்தனை பெரியம்மாக்கள் அங்கே நின்றிருப்பார்கள். நான் திரும்பவில்லை.

"பெரியம்மா! ஏ வேணிப் பெரியம்மா!"

பின்பக்கத்துப் படியில் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கண்டக்டர் அவளை உள்ளே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் கம்பியை விடவில்லை. எத்தனை நாளாக அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாளோ, இவ்வளவு சத்தமாக ஒரே மூச்சில் வந்தது. அது என்னைத்தான் என்று எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது.

பிறகு, "இன்னாடி கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே அவளிடம் ஓடினேன்.

வேணி